கீபோர்டைக் கழற்றிய பிறகு

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. எதையும் மூன்று முறை சரிபார்ப்பவள் நான். அன்றும் முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன்.

பகலில் நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டியில் வேலை. மாலையில் கணினி வகுப்பு. அன்று கடைசிப் பரீட்சை. கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் விர்ச்சுவல் மெஷினில், நான் திருத்திய கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, தன்னை அணைத்துக்கொண்டு தானாகவே மறுபடி எழ வேண்டும். எழுந்தால் சேலத்தில் வேலை. இடையில் எந்த விசையிலாவது கை பட்டால் பெயில். அதனால் குணசீலன் சார் கீபோர்டைக் கழற்றி பெஞ்சில் வைக்கச் சொல்லியிருந்தார்.

மற்றவர்கள் போய்விட்டார்கள். மணி 7.40. மவுஸால் ரீபூட் கொடுத்தேன்.

திரை கறுத்தது. எழவில்லை. 'தொடர ஒரு விசையை அழுத்தவும்' என்ற வரி மட்டும் நின்றது. தோற்றுவிட்டேன்.

டக்.

கெர்னல் எழுந்தது.

பெஞ்சைப் பார்த்தேன். கீபோர்டின் வயர் தொங்கிக்கொண்டிருந்தது... அமுங்கியிருந்த என்டர் விசை மெல்ல மேலே வந்தது.

ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்த சார் திரும்பினார். "எந்திரிச்சிருச்சே! பாஸ் போட்டர்றேன். கெளம்பு சாமி."

"வேண்டாங்க சார். அது தானா எந்திரிக்கல."

"பின்ன, நீ தொட்டியா?"

"இல்லீங்க."

"அப்பறம் வர்ற வேலைய ஏன் உடற?"

"இன்னொருக்கா பாத்தர்றேனுங்க."

கீபோர்டை மாட்டித் தேடினேன். தவறு என்னுடையதுதான். மறுபடி எழுப்பச் சொல்லி என் கெர்னல் கீபோர்டு சிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த விர்ச்சுவல் மெஷினிலோ அப்படியொரு சிப்பே கிடையாது. மின்சாரத்தைக் கவனிக்கும் பகுதியைக் கேட்கும்படி மாற்றினேன். கீபோர்டை மறுபடி கழற்றி பெஞ்சில் வைத்தேன். ரீபூட்.

டக். டக். டக்...

என்டர் மேல் உள்ளங்கையை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. என் கைக்குக் கீழேயே விசை இறங்கியது.

"கையை எடு," என்றேன். "இது என் பரீட்சை."

நின்றது.

கெர்னல் எழுந்தது. தானாக.

மறுவாரம் கவின் போன் செய்தார். போன வருடம் இதே பரீட்சையில் தேறி, அந்த சேலம் வேலைக்குப் போனவர்.

"சார் சொன்னாருங்க. உங்களுக்கும் அமுக்குச்சா?"

"ஆமாங்க. கையை எடுன்னு சொன்னேன்."



"நான் நன்றின்னு சொல்லிட்டேனுங்க..."

அவர் குரலுக்குப் பின்னால் கேட்டது.

டக்.

"ஆபீஸ்ல இருக்கீங்களா?"

"இல்லீங்க," என்றார். "பஸ்சுல."