நைனா வளைத்துக்கொண்ட மாடி அறை

எங்கள் நைனா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் குடும்பத்தின் சார்பில் வணங்குகிறேன். உங்களில் பலருக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு கருமாதிப் பந்தியில் இலை எடுப்பதற்குள்ளேயே சிலர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்கள். "மேல அப்படி இன்னாதாம்மா வெச்சிருந்தாரு உங்க நைனா?" மூத்த மகள் என்ற முறையில் நான் அறிந்ததை எழுதுகிறேன். சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதால், இதை எழுத எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

நைனா பிறந்தது வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அவருக்குப் பிறந்த தேதிகள் இரண்டு. பள்ளிச் சான்றிதழில் இருப்பது, சேர்க்கப் போன அன்று ஆசிரியர் உத்தேசமாகப் போட்டது. அத்தை சொல்வது, ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். எழுத்தில் இருப்பதாலேயே ஒரு தேதியை நான் நம்பிவிடுவதில்லை. அத்தையின் நினைவையும் முழுக்க நம்புவதில்லை. ஆடி மாதம் என்பது மட்டும் உறுதி. தாயாருக்குப் பிரசவமான வாரம் ஏரிக்கரை அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள் என்று மூன்று வீட்டார் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள்.

சொந்த நிலம் இல்லாத குடும்பம். தாத்தா உழுத இடத்துக்கு நைனாவின் காலத்தில்தான் பட்டா வந்தது. வந்த பிறகு சாலைக்காக ஒரு முறை அளந்தார்கள். அளந்ததில் ஒரு பங்கு போயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எவர் கையில் அளவு நாடாவைப் பார்த்தாலும் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்கள்.

ஐ.டி.ஐ. படித்து, சித்தூரில் ஒரு பாலிடெக்னிக்கின் பணிமனையில் உதவியாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை நைனா அங்கேயே இருந்தார். வாடகைக்கு எடுத்தது ஒரு கூடமும் சமையலறையும். அதில் அம்மா, நான், தம்பி, கல்யாணமாகும்வரை அத்தை, வேலை கிடைக்கும்வரை சித்தப்பா. இவர்கள் போதாதென்று காணிப்பாக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் தங்கித்தான் பிள்ளையாரைப் பார்க்கப் போனார்கள். பிறகு திருப்பதியில் வீடு கட்டி வந்தோம். மலைக்குப் போகிறவர்கள் வந்தார்கள். இந்த மலரைப் படிப்பவர்களில் எங்கள் கூடத்துத் தரையில் ஓர் இரவாவது படுக்காதவர்கள் குறைவு. நைனா ஒருவரையும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. தலையணை போதாத நாட்களில் தம்முடையதை எடுத்துக் கொடுத்துவிட்டு, கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்வார்.

நைனாவின் பொம்மை ரயில் விளையாட்டு சித்தூரில் தொடங்கியது. புத்தூர்க்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற கூட்ஸ் வண்டி கார்டு, ரயில் பயணத்தில் நைனாவுக்குப் பழக்கமானார். நாங்கள் அவரைக் கார்டு சார் என்போம். அவர்தான் ஒரு சாண் நீள எஞ்சின் ஒன்றையும், கட்டைவிரல் அகலத் தண்டவாளத்தையும் கொடுத்தார். ஒரு பிளைவுட் பலகையில் வட்டமாகப் பாதை. ஞாயிற்றுக்கிழமை பலகை கட்டிலின்மேல் ஏறும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பீரோவுக்குப் பின்னால் போய்விடும்.

திருப்பதி வீட்டில் கீழே கூடம், சமையலறை, ஒரு படுக்கையறை. மேலே ஒரே ஓர் அறை. தம்பிக்குக் கல்யாணமானால் இருக்கட்டும் என்று கட்டியது. கிரகப்பிரவேசம் முடிந்த மாதமே அந்தப் பலகை "கொஞ்ச நாளைக்கு" என்று மேலே போனது. முதலில் ஜன்னலோரமாக ஒரு மேசை. பிறகு அடுத்த சுவர். அதற்கும் பிறகு மூன்றாவது சுவர். கடைசியில் கதவுப் பக்கமும் பலகை வந்து, அதைத் தூக்கினால்தான் உள்ளே போகலாம் என்றாயிற்று.

இதற்கிடையில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. வீட்டில் வாங்கும் நாளிதழ்கள் மேலே போயின, இறங்கவில்லை.

"பழைய பேப்பர்காரன் வந்து நிக்கிறான். போன மாசத்துப் பேப்பரு எங்க?"

"மேல இருக்குது."

"மேல இன்னா, பேப்பரு துன்ற கழுத எதுனா வளக்கறீங்களா?"

மைதா மாவும் சமையலறையிலிருந்து காணாமல் போனது. ஒருநாள் நான் நூலகத்தில் வேலையாக இருந்தபோது அம்மா போன் செய்தார். கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. சத்தமாகப் பேச முடியாது என்று தெரிந்தும் அம்மா கத்தினார்.

"அந்த கார்டு வந்து செவுத்துக்கு செவுரு டேப்பு புடிச்சிகினு இருக்கான். வீட்ட விக்கப் போறாரா உங்க நைனா? உங்கிட்ட சொன்னாரா, இல்ல உன் தம்பிகிட்ட சொன்னாரா?"

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். நைனா நிதானமாகச் சொன்னார். "வளைவுக்கு எடம் பத்துமான்னு பாத்தோம்மா."

நான் நம்பவில்லை. ஒரு பொம்மை ரயில் திரும்புவதற்கு அறையை அளப்பார்களா? அதனால் தேடிப் படித்தேன். நைனா சொன்னது உண்மைதான். நீளமான பெட்டிகள் கவிழாமல் திரும்ப வேண்டுமென்றால் வளைவுக்கே நாலடி அகலம் வேண்டும். ரேணிகுண்டாவிலிருந்து அடுத்த ஸ்டேஷன்வரை உள்ள தூரத்தை அளவு குறையாமல் சிறிதாக்கிக் கட்டினால்கூட எங்கள் தெரு முழுவதும் போதாது. வெளிநாடுகளில் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறையைக் கொடுத்துவிடுகிறார்கள். கார் நிற்கும் இடத்தைக் கொடுத்துவிட்டுக் காரைத் தெருவில் விடுகிறார்கள். இடமில்லாத நகரங்களில் சூட்கேசுக்குள் கட்டுகிறவர்களும் உண்டு. இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பை நான் எங்கும் படிக்கவில்லை. இருக்கும் இடம் முழுவதும் வேண்டும் என்பதைத்தான் எல்லாரும் வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் வீடுகளில் நிலவறைக்கு அரிசி மூட்டை போட்டிக்கு வருவதில்லை. மருமகளும் வருவதில்லை.

தம்பி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். நிச்சயதார்த்தம் ஆனதும் மாடி அறையைக் கேட்டான். நைனா "பாக்கலாம்" என்றார். கல்யாணமும் ஆயிற்று. "பாக்கலாம்" மாறவில்லை. இரண்டு தெரு தள்ளி, தண்ணீர் ஒழுங்காக வராத ஒரு போர்ஷனில் தம்பியும் அவன் மனைவி சுகுணாவும் குடியிருந்தார்கள். சுகுணா கருவுற்றபோது மறுபடி கேட்டான். அதே பதில்.

"உனக்குத்தான் வெச்சிருக்காருக்கா. நீ வந்து கேட்டா தொறப்பாரு" என்று தம்பி என்னிடம் சொன்னான். எனக்கோ, அவன் பெயருக்கு நைனா ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டார், வெளியே தெரியாமலிருக்க இருவரும் நாடகம் ஆடுகிறார்கள் என்று தோன்றியது. அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமா, கொஞ்சம் கூடுதலாகவே யோசிப்பவர். நிலப் பத்திரம் எதையோ நைனா மேலே மறைத்து வைக்கிறார் என்று காணிப்பாக்கம்வரை சொல்லி வைத்திருந்தார்.

ஐப்பசி மழையில் நைனாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். மருத்துவமனையில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று படுத்தபடியே விசாரித்தார். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம், ஒரு பிற்பகலில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது அடங்கிவிட்டார். மாடி அறையைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

கருமாதிக்கு மறுநாள் கார்டு சார் உட்பட எல்லாரும் மேலே ஏறினோம். பலகைக்கு அடியில் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனோம். நான்கு பக்கமும் இடுப்பு உயரத்தில் மலை, பாலம், ஸ்டேஷன். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம், அதற்குமேல் கொஞ்சம். தாய்மாமா கையில் ஸ்குரு டிரைவரோடு வந்திருந்தார்.

"அக்கா, உன் வீட்டுக்காரரு சும்மா இருக்கற ஆளு இல்ல. மலைக்குள்ள இன்னாமோ இருக்குது."

"இருந்தா எடுத்துக் குடு. இல்லன்னா நீயே ஒக்காந்து கட்டிக் குடு" என்றார் அம்மா.

மாமா கதவோரத்து மலையில் குத்தினார். சாந்து உதிர்ந்தது. உள்ளே மைதாப் பசையில் ஒட்டிய நாளிதழ். அதற்கடியிலும் நாளிதழ். கை முட்டிவரை விட்டுத் துழாவினார்.

"கெடச்சிதாடா?"

"ஒரு யூரியா வெளம்பரம் கெடச்சிது. ஒரு தெலுங்கு சினிமா வெளம்பரம் கெடச்சிது."

"அதயாச்சும் பத்திரமா வையி."

உதிர்ந்த தாள்களில் தேதி பார்ப்பது என் பழக்கம். ஜன்னலோரத்து மலையிலும் மாமா ஒரு குத்துக் குத்தியிருந்தார். அதில் இருந்தவை கிரகப்பிரவேசம் நடந்த காலத்துத் தாள்கள். கதவோரத்து மலையில் இருந்தவை, ஒன்று விடாமல், தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு அடுத்து வந்த வாரங்களின் தாள்கள். அவற்றைத் தம்பியிடம் கொடுத்தேன்.

"நான் ரூம கேட்டப்புறம் கட்டினதா இது?"

"ஆமாம்."

எங்கள் பக்கத்தில் நிலமில்லாதவர்கள் ஏரிப் புறம்போக்கில் இடம் பிடித்த விதத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். போய்க் கேட்க மாட்டார்கள். மழை பெய்த மறுநாள் உழுது, கேழ்வரகோ சாமையோ விதைத்து, முள்வேலி போட்டுவிடுவார்கள். பயிர் நிற்கும் நிலத்தைக் காலி செய் என்று சொல்ல யாருக்கும் சட்டென்று வாய் வராது. நைனாவின் தகப்பனார் அப்படித்தான் பிடித்தார்.

"வேலி போட்டுட்டாருக்கா" என்றான் தம்பி. "பெத்த புள்ளைக்கே வேலி போட்டுட்டாரு." அவன் சிரித்தானா, கோபப்பட்டானா என்று எனக்குத் தெரியவில்லை.

சுகுணா குனிய முடியாமல் வாசலிலேயே நின்றிருந்தாள். "மாமா ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வேணான்னு இருப்பனே, அண்ணி."

அம்மா கார்டு சாரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. எதுக்கு இதெல்லாம்?"

"ஏமி லேதும்மா, ஒண்ணுமில்ல. எடம் எவ்ளோ இருக்குதோ அவ்ளோத்துக்கும் ரயிலு ஓடணும்னாரு. அந்தே."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அம்மாவின் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. ஓட்டிக் காட்டச் சொன்னார். எஞ்சின் ஐந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பியது. சிறிய மஞ்சள் பலகைகளில் நைனா எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை அம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். பூடி. வேப்பகுண்டா. ஏகாம்பரகுப்பம்.

"திருப்பதி எங்க?"

"போடலம்மா."

"சித்தூரு?"

"போடல."

அம்மா தம்முடைய தம்பியின் பக்கம் திரும்பினார். "வேப்பகுண்டாவுல நமக்கு யாருடா இருக்காங்க?"

"யாரும் இல்லக்கா."

"ஏகாம்பரகுப்பத்துல?"

"அங்கயும் இல்ல."

"சொந்தக்காரன் இல்லாத ஊரா பாத்துப் பாத்து கட்டியிருக்காரு, மனுசன்" என்றார் அம்மா.

தம்பி ஆசாரியை வரச் சொல்லி எல்லாவற்றையும் பிரித்துவிடலாம் என்றான். பிரித்தால் வீணாக்க வேண்டாம், தாம் எடுத்துக்கொள்வதாகக் கார்டு சார் சொன்னார். "அதுக்குத்தான் அன்னிக்கு டேப்பு புடிச்சீங்களா?" என்று அம்மா கேட்டதும் அவர் எஞ்சினை நிறுத்தினார்.

"யாரும் எதையும் பிரிக்க வேணாம்" என்றார் அம்மா. "டே, நீயும் சுகுணாவும் கீழ வாங்க. என் ரூம எடுத்துக்கோங்க. தண்ணி இருக்குது, கதவு இருக்குது, கொழந்தைக்கு வெய்யில் படாது. நான் மேல வந்துடறன்."

"அக்கா, இங்க படுக்க எடம் எங்க?" என்றார் மாமா.

"நடுவுல இருக்குது பாரு. அவரு நின்ன எடம். எனக்குப் போதும்."

"பீரோ எங்க வெப்ப? துணி எங்க வெப்ப?"

"நீ மொதல்ல மலையக் கட்டு."

மாமா அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதாப் பசை காய்ச்சிக் கட்டிக் கொடுத்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சற்றுக் கோணல்தான். தை மாதம் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் கீழ் அறையில் இருக்கிறார்கள். அம்மா பாயும் தலையணையும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக மேலே போனவர், சாப்பிடவும் பேத்தியைக் குளிப்பாட்டவும் இறங்கி வருகிறார்.

அங்கே என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் போகிறேன். படியேறும்போது எஞ்சின் ஓடும் சத்தம் கேட்கிறது. கதவைத் தட்டினால் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, "தூங்கிகினு இருந்தேன்" என்கிறார். சமையலறை மைதா மட்டும் இப்போது குறைவதில்லை. தம்பியே அம்மாவுக்குத் தனியாக வாங்கி வருகிறான். ஏன் என்று கேட்டதற்கு, "நீ கேக்காத, நானும் கேக்கல" என்றான்.

மழையில் ஆட்டோ ஓட்டி நைனாவை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், முறை வைத்துக்கொண்டு உடனிருந்த சித்தப்பாவுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் சோறு கொண்டுவந்து பார்த்துக்கொண்ட தெருவிலுள்ள பெண்களுக்கும், பாலிடெக்னிக்கிலிருந்து வந்து நின்ற பழைய மாணவர்களுக்கும், எத்தனை சந்தேகப்பட்டாலும் வருவதை நிறுத்தாத கார்டு சாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று திதி முடிந்ததும் கீழே கூடத்தில் சாப்பாடு. இரவு தங்கி மலைக்குப் போகிறவர்களுக்குக் கூடத்திலேயே பாய் போட்டிருக்கிறோம். மாடி அறைக்கு மட்டும் யாரும் ஏறிப் பார்க்க வேண்டாம் என்று மலரில் எழுதச் சொன்னார் அம்மா. காரணம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"எடம் இல்லன்னு எழுது" என்றார்.