சந்துக்குச் சாய்ந்த நொச்சி

எங்கள் வீட்டு மதிலுக்குள் இன்னும் ஒரு நொச்சி நிற்கிறது. மதில் கட்டிய கொத்தனார் அதை வெட்டப் போனபோது ஓடிப்போய்த் தடுத்தேன். மதில் வந்த பிறகு வேலிச்செடி எதற்கு என்று கேட்டார். பாவம், அவருக்கு என் நாத்தனாரைத் தெரியாது.

எனக்குக் கல்யாணமான புதிதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தை விட்டுப் பூஜப்புரைக்குக் குடிவந்தோம். வீட்டுக்கும் சந்துக்கும் நடுவே ஒடுங்கிய கொல்லை. அதிலேயே கிணறு, அதுவே குளிக்குமிடம். சின்ன வயதில் கணவரை இழந்த நாத்தனார், குளித்து ஈரப்புடவையோடு மடியாகத்தான் சமையலறைக்குள் நுழைவார். சந்தில் போகிறவர்கள் கண்ணில் படாமலிருக்க, பொழுது விடியும் முன்பே நடுங்கிக்கொண்டு குளிப்பார். ஒருநாளும் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் மனசு கேட்காது.

வேலி வைக்கலாம் என்று நான் சொன்னதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமனாருக்கு முருங்கையும் அகத்தியும். என்னவருக்குப் பப்ளிக் கார்டனில் பார்த்த குரோட்டன்ஸ். நாத்தனார் ஒரே பேச்சில் முடித்தார்: "தின்கறதை வேலியில வெச்சா போறவா வரவா எல்லாரும் கையை விடுவா. மிச்சத்தை மாடு தின்னும். குரோட்டன்ஸ் பார்க்க அழகுதான், அதால என்ன பிரயோஜனம்?" காட்டாமணக்குக் கொட்டையைக் குழந்தைகள் தின்றுவைக்கும், கள்ளி இடத்தை அடைக்கும் என்று அவற்றையும் தள்ளினார். நொச்சியை நெருக்கி நடலாம், மாடு வாய்வைக்காது, இலை கொசுவுக்குப் புகை போட ஆகும் என்றார். கொம்புகளை அவரே நட்டார். ஆளுயரம் வளர்ந்ததும், வெயில் வந்தபின் நிதானமாகக் குளித்தார். கிணற்றடியில் முணுமுணுப்பாகப் பாட்டுக்கூடக் கேட்டது.

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் பரவியது. எதிர்வீட்டு மலையாளச் சேச்சிதான் முதலில் வந்தார். "மோளுக்கு ஜுரம் விடலை. ஆவி பிடிக்கக் கொஞ்சம் நொச்சி தரணும், கேட்டோ." அப்புறம் சந்தே வந்தது. வேலி மொட்டைக் கொம்புகளாக நின்றது.

"அக்கா, உங்களுக்கு மறைப்பு வேண்டாமா?" என்று கேட்டேவிட்டேன்.

"இலை துளிர்த்துக்கும்டீ. குழந்தை?" என்றார். மறுநாள் முதல் மறுபடி இருட்டுக் குளியல்.

அது சேச்சியின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒருநாள் காலையில் கிணற்றடிக்குப் போன நாத்தனார் அப்படியே நின்றுவிட்டார். கொம்புகள் நெடுக முண்டும் புடவையுமாக விரிந்து கிடந்தன. சேச்சி கடைசி முண்டின் முனையை முடிந்துகொண்டிருந்தார். அடுத்தவர் துணி மேலே பட்டால் நாத்தனாருக்கு மடி போய்விடும் என்று சேச்சிக்கு எப்படித் தெரியும்?

"தள்ளி நின்னு குளிச்சாப் போறது," என்று நாத்தனார் குடத்தைக் கிணற்றில் இறக்கினார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். இலை அடரும்வரை வீட்டுக்கு வீடு துணி மாறி மாறி வந்தது.

நாத்தனார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. இந்த மதிலுக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. எட்டி இலை பறிக்கவும் முடியாது. அதனால் நொச்சியின் ஒரு கிளையைக் கயிறு கட்டிச் சந்துப்பக்கம் வளைத்துவிட்டிருக்கிறேன். இன்று காலை அதன் நுனி மொட்டையாக இருந்தது. சந்தில் யார் வீட்டிலோ காய்ச்சல் போலிருக்கிறது. இலை துளிர்த்துக்கும்.