இரண்டாவது வரி

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்த அற்புதமேரி, மருந்துக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்து நின்றுவிட்டாள். கறுப்பு அங்கியில் நீதிபதி ஆத்மநாதன். அவருக்குப் பின்னால் முஷ்டி மடக்கிய கைகள். கீழே 'எளியோர் முன்னணி' என்ற புதுக்கட்சியின் கொடி. 'எந்த அதிகாரத்துக்கும் உரிமை இல்லை! மக்கள் நீதியரசர் நினைவுக் கூட்டம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அந்த வாசகத்தை இருபத்தாறு வருடத்துக்கு முன் டைப் அடித்தவள் அவள்தான். மீதி எங்கே போனது என்று யோசித்தபடி கொஞ்சநேரம் வெயிலில் நின்றாள்.

அற்புதமேரி ஆவூர்க்காரி. இருபத்து மூன்று வயதில் புதுக்கோட்டை கோர்ட்டில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றாள். பதினாறு நீதிபதிகளிடம் வேலை பார்த்ததில் பலருடைய முகம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. சார்பு நீதிபதியாக வந்து மூன்று வருடம் இருந்துவிட்டு மாற்றலாகிப் போன ஆத்மநாதன் முகம் மட்டும் கலக்கவில்லை. அவர் தமிழில்தான் தீர்ப்புச் சொல்வார். வக்கீல்கள் கல்யாணப் பத்திரிகை வைத்தால் வாங்கிக்கொள்வார், போக மாட்டார். மதியம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தயிர்சாதத்தைத் தனியாகச் சாப்பிடுவார். ஒருநாள் கோர்ட் வாசலில் ஒரு கூட்டம் கோஷம் போட்டது. அவர் சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டிருந்த அவளுடைய பென்சில் அந்தச் சத்தத்தில் தயங்கியது.

"நிறுத்தாதீங்கம்மா. அந்தச் சத்தம் இந்தத் தாளுக்குள்ள வந்துடக் கூடாது. மேலிடத்துலேருந்து போன் வந்தாலும் அப்படித்தான்" என்றார்.

அந்தக் கட்டுப்பாட்டை அவள் தனக்கும் எடுத்துக்கொண்டாள். கோர்ட்டில் வழக்கு நடக்கிற எவர் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை என்று வைத்துக்கொண்டாள். ஊரில் பாதிப்பேருக்கு ஏதாவதொரு வழக்கு இருந்தது. அவள் போகாததால் நாளடைவில் கூப்பிடுவதும் நின்றது. அவளைப் பெண் பார்க்க வந்த குடும்பத்துக்கே ஒரு பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதைக் காரணம் சொல்லி மறுத்தாள். அண்ணன் ஒரு வருடம் பேசாமல் இருந்தார். பிறகு வேறு வரன் அமையவில்லை.

போஸ்டரில் இருந்த வாசகம் ஒரு கண்மாய்க்கரை வழக்கில் வந்தது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் கண்மாய்க்கரையில் இருந்த முப்பது குடிசைகளை நோட்டீஸ் கொடுக்காமல் அதிகாரிகள் இடித்துவிட்டார்கள். ஆத்திரத்தில் அங்கிருந்தவர்கள் அரசாங்க ஜீப் ஒன்றைக் கொளுத்தினார்கள். வீடு இழந்தவர்கள் போட்ட சிவில் வழக்கும், ஜீப்பைக் கொளுத்திய வழக்கும் ஆத்மநாதனிடமே வந்தன. ஒரே வாரத்தில் இரண்டுக்கும் தீர்ப்புச் சொன்னார். சிவில் தீர்ப்பில் அவர் சொன்னது இது: 'அறிவிப்பின்றி ஒரு குடிசையின் கூரையைப் பிரிக்க எந்த அதிகாரத்துக்கும் உரிமை இல்லை. அதிகாரம் தவறியது என்பதாலேயே அதன்மேல் தீ வைக்கும் உரிமை எவருக்கும் பிறந்துவிடாது.'

ஜீப் வழக்கில் நான்கு பேருக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதித்தார். முதல் தீர்ப்பு அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை, இரண்டாவது ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் மாற்றலாகிப் போன அன்று வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்கு அவளும் கோர்ட் டவாலியும் மட்டும் போனார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவர் இறந்த செய்தியைப் பேப்பரின் எட்டாம் பக்கத்தில் பார்த்தாள்.

அன்று மதியம் ஜஸ்டின் சாப்பிட வந்தான். அண்ணன் மகன், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். அண்ணன் காலமானபிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். அவள் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் அவன்தான்.

"அந்தப் போஸ்டர் ஒன் கடையில அடிச்சதாடா?"

"ஆமா அத்தே. டிசைனும் நாந்தான். நல்லாருக்கா?"

"அவரு ஹைகோர்ட் ஜட்ஜ் இல்ல. நீதியரசர்னு போடக் கூடாது. அது போகட்டும், அந்த வாசகத்துல மிச்சத்த எங்க விட்ட?"

அவள் இரண்டு வரியையும் ஒப்பித்தாள். ஜஸ்டின் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சிரித்தான்.

"ரெண்டாவது வரியப் போட்டா எவன் அத்தே கூட்டத்துக்கு வருவான்?"

"அப்ப அவரு படத்தப் போடாத. வேற யாரு படத்தையாவது போட்டுக்க."

"பட்டாவுல அப்பா பேர மாத்தி என் பேரு போட நாலு வருசமா நடக்குறேன். தாலுக்கா ஆபீசுல இன்னைக்குப் போ, நாளைக்கு வான்னே சொல்றாங்க. ஒங்க அய்யா மாதிரி கதவச் சாத்திக்கிட்டு ஒக்காந்தா எங்களுக்கு யாரு தொறந்து விடுவா? எல்லாமே உளுத்துப் போச்சு அத்தே. ஒட்டுமொத்தமா தள்ளி விடணும்."

"தள்ளி விட்டுட்டு, அப்பறம் மனுவக் கொண்டுபோயி எங்க குடுப்ப?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். கை கழுவிவிட்டு வந்து, "அவரோட வேலை பாத்தவுங்கன்னு நீங்களே வந்து ரெண்டு வார்த்தை பேசுங்களேன். எனக்கும் பெருமையா இருக்கும்" என்றான். வாசகத்தைச் சரியாகச் சொல்ல ஓர் இடம் கிடைக்கிறதே என்று அவள் ஒப்புக்கொண்டாள். மறுநாளே கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பின் நகலுக்கு மனுப் போட்டாள். நகல் பிரிவில் இருந்த யாருக்கும் அவளைத் தெரியவில்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. மாவட்ட அமைப்பாளர் சோலையப்பன் தலைமை. மேடையில் நீதிபதியின் படம். பக்கத்தில், 'கண்மாய்க்கரைப் போராளி' என்று சால்வை போர்த்தி ஒரு பெரியவரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் பெயர் பெரியண்ணன் என்று சொன்னார்கள். அற்புதமேரிக்கு அடையாளம் தெரியவில்லை.

மைக்குக்கு முன்னால் போய், முந்தின நாள்தான் கைக்கு வந்த நகலைப் பிரித்தாள். முதல் வரியைப் படித்ததும் மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். பின்வரிசையில் விசில் அடித்தார்கள். எல்லாம் அடங்கும்வரை காத்திருந்து, இரண்டாவது வரியைப் படித்தாள். யாரும் கைதட்டவில்லை.

"ஜீப்பக் கொளுத்துன வழக்குல நாலு பேருக்கு ரெண்டு வருசம் தண்டனை குடுத்ததும் இவருதாங்க. அதையும் நாந்தான் டைப் அடிச்சேன். இவரு அரசாங்கத்துக்குப் பயந்தவரு இல்ல. ஒங்க கட்சிக்காரரும் இல்ல. கோர்ட்டுன்னு ஒண்ணு எல்லாருக்கும் இருக்கணும்னு நெனச்சவரு. அத ஒடைக்கிறதுக்கு அவரு பேரச் சொல்லாதீங்க."

சோலையப்பன் எழுந்து மைக்கை நோக்கி வந்தார். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. பெரியண்ணன்தான்.

"அந்தம்மா சொல்றது நெசம். அந்த நாலு பேருல நான் ஒருத்தன். வண்டி அனுப்பிக் கூப்புட்டாங்க, வந்தேன். வந்து பாத்தா, என்னைய ஜெயிலுக்கு அனுப்புன ஆளு படத்துக்கு என்னையவே மாலை போடச் சொல்றாங்க."

முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். சோலையப்பன் பாட்டுக்காரர்களை மேடைக்குக் கூப்பிட்டார். ஜஸ்டின் கதவோரமாக நின்றிருந்தான். அவள் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான்.

பெரியண்ணனைத் திரும்பக் கொண்டுபோய்விட வண்டி வரவில்லை. அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அதுவும் அவள் போகிற வழிதான். வல்லத்திராக்கோட்டை பஸ் நிற்கிற இடத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"கூண்டுக்குக் கீழ ஒக்காந்து குனிஞ்சே எழுதிக்கிட்டிருப்பீங்களே, அது நீங்கதானாம்மா?"

"ஆமாங்க. அய்யா மேல இன்னும் கோவமா இருக்கீங்களா?"

"கோவமெல்லாம் இல்ல. யாருக்கும் பயந்து சொல்லல, அது அன்னைக்கே தெரிஞ்சுச்சு. ஆனா மாலை போட மாட்டேன்." மேலே கிடந்த சால்வையை மடித்துக்கொண்டே சொன்னார். "நாங்க ஜெயிச்ச கேசு என்னாச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? அப்பீலு, அதுக்கு மேல அப்பீலுன்னு பன்னெண்டு வருசம். கடைசியில எடம் குடுத்தாங்க, தண்ணியில்லாத பொட்டக்காட்டுல. அதப் பாக்க எங்க ஆத்தா இல்ல. ஜீப்பக் கொளுத்துனது தப்புத்தான். கொளுத்தலேன்னா எங்க பக்கம் எவன் திரும்பிப் பாத்திருப்பான்?"

அந்த வழக்கு என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியாது. நீதிபதி கையெழுத்துப் போட்டதும் வழக்குக்கட்டை முடிச்சுப் போட்டுக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்த முப்பது வீடுகளைப் பற்றி அவள் ஒருநாளும் விசாரித்ததில்லை. பெரியண்ணன் கேட்டதற்கு ஆத்மநாதன் அந்த இரண்டாவது வரியைத்தான் பதிலாகச் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அதைத்தான் நம்பினாள். பெரியண்ணன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. பஸ் வந்தது. "வாரேம்மா" என்று ஏறிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. மீன் வாங்கிச் சமைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு அவளே போன் செய்தாள்.

"என்னைய எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டீங்க அத்தே" என்றான் ஜஸ்டின்.

"பேசச் சொல்லி நீதானேடா கூப்பிட்ட?"

"நான் கூப்பிட்டது என் அத்தைய. நீங்க கோர்ட்டாத்தான் வந்தீங்க."

போனை வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

எளியோர் முன்னணி சத்தமில்லாமல் ஆத்மநாதனைக் கைவிட்டது. அவர் படத்தின்மேல் ஒரு நகைக்கடை விளம்பரத்தை ஒட்டிவிட்டார்கள். அவரை யாரும் தப்பாகச் சொல்லவில்லை. யாரும் எதுவுமே சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அரைகுறையாகவாவது அந்த முகம் ஊர்ச்சுவர்களில் இருந்திருக்கும், ஜஸ்டினும் வந்துகொண்டிருப்பான் என்று சில நாள் தோன்றும். அப்படித் தோன்றும்போதெல்லாம் எழுந்து வேறு வேலையைப் பார்ப்பாள். சொன்னது தப்பு என்று மட்டும் அவளுக்கு ஒருநாளும் படவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று ஜஸ்டின் கேக்கோடு வந்தான். கடை, மழை என்று பத்து நிமிடம் பேசினான். பட்டா வந்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றதற்கு, சோலையப்பன் வரச் சொல்லியிருக்கிறார் என்று கிளம்பிவிட்டான்.

ஜனவரியில் ஆத்மநாதனின் நினைவுநாள் வந்தது. முந்தின நாள் அவள் கோயில் அலுவலகத்துக்குப் போய், காலைப் பூசையில் ஒரு பெயருக்காக வேண்டிக்கொள்ளக் கேட்டாள். பெயரை எழுதிக்கொண்ட பெண், "இந்து பேரா இருக்கே, இவரு ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"ஒண்ணா வேலை பாத்தோம்மா."

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கோயிலில் பதினைந்து பேர் இருந்தார்கள். "ஆத்மநாதன் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று சாமியார் வாசித்தபோது முன்வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அற்புதமேரி கண்ணை மூடி முழங்காலில் நின்றாள்.