பஞ்சறைக்கு வெளியே சுருட்டு

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த சுவக்கின், இரண்டு முறை அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, 1934இல் மடவளையில் அக்கா மார்கிரட்டின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மற்றவர்களுக்குக் கேளாத ஒரு குரல் அவருக்குக் கேட்கும். அதனோடு அவர் தெருவில் சண்டை பிடிக்கத் தொடங்கினால், யாராவது பயந்து ஒரு சுருட்டை நீட்டுவார்கள். அவரும் அடங்கிவிடுவார். வீட்டில் தீப்பெட்டியை ஒளித்து வைத்தும் பயனில்லை. கடைவாசல்களில், சுருட்டுப் பற்றவைப்பதற்கென்றே தென்னந்தும்புக் கயிறு புகைந்துகொண்டிருந்தது.

ஊரார் அண்ணன் முறையில் நாநா என்றழைக்கும் ஹுஸைன், இலவம் பஞ்சில் மெத்தை, தலையணை செய்து விற்பவர். ஒருநாள் சுவக்கின் அவரிடம் வேலை கேட்டுப் போனார்.

"வேலை இரிக்கி. ஆனா சுருட்டுக் குடிக்கிற ஆள் பஞ்சறைக்குள்ள வரப்படாது."

"நான் எங்கங்க கேக்குறேன்? அவன்தான் கேக்குறான்," என்று சுவக்கின் தன் காதைக் காட்டினார்.

"அப்ப அவரை வீட்ட வெச்சிட்டு வாங்க."

சுவக்கினுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மார்கிரட்டுக்குத்தான் பயம். "சுருட்ட விட்டா சீக்கு முத்திரும்னு சொல்றாங்களே, தம்பி."

"குடிச்சாலும் பேசுறான், குடிக்காட்டியும் பேசுறான். எனக்கு வேலை வேணும்க்கா."

இனிமேல் தம்பிக்குச் சுருட்டுக் கொடுக்க வேண்டாமென்று மார்கிரட் கடை கடையாகக் கேட்டுக்கொண்டார். முதல் வாரங்களில் சுவக்கின் தூங்கவில்லை. சோற்றுக் கோப்பையை எறிந்தார். ஒருநாள் கடைவாசல் கயிற்றடியில் நின்று ஒரு சுருட்டை முழுதாகக் குடித்தும் விட்டார். அதை அவரே போய் ஹுஸைனிடம் சொன்னார். ஹுஸைன் அவரை உள்ளே விடவில்லை, விரட்டவுமில்லை. வாசலில் உட்கார்ந்து இலவங்காய் உடைக்கச் சொன்னார்.

அப்படி உடைத்துக்கொண்டிருந்தபோது, மெத்தை வாங்க வந்த தோட்டத்துக் கங்காணி அழகமுத்து எரியும் சுருட்டோடு படியேறினார். சுவக்கின் எழுந்து மறித்தார்.

"அடேய், எனக்கே சட்டமா? இந்தா, நீயும் ஒன்னு பிடிச்சிட்டு சும்மா இரு."

நீட்டிய சுருட்டை நோக்கிச் சுவக்கினின் கை பாதித் தூரம் போனது. பிறகு அந்தக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"வேணாங்க. உள்ள பஞ்சு இருக்கு. அணைச்சிட்டு வாங்க."

கங்காணி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னப் பாக்காதீங்க," என்றார் ஹுஸைன். "வாசல் அவர்ட பொறுப்பு."

கங்காணி முணுமுணுத்தபடி சுருட்டை மண்ணில் தேய்த்தார்.

அடுத்த திங்கட்கிழமை சுவக்கினுக்குப் பஞ்சறையில் இடம் கிடைத்தது. மாலையில் தலையெல்லாம் பஞ்சாக வந்தவரை, மார்கிரட் வாசலிலேயே நிறுத்தித் தட்டிவிட வேண்டியிருந்தது.