காமிராவுக்கு நீட்டிய துண்டு

இன்று எங்கள் வெங்காய மண்டிக்கு வீடியோ கான்பரன்ஸ் சர்வர் போட்டுப் பார்த்தோம். திண்டுக்கல்லில் நான், திரையில் ஒட்டன்சத்திரம் கிளை மேனேஜர் மாரப்பண்ணன்.

"என்ன விலைக்கு எடுக்கலாம்ணே?"

மனுஷன் கையைத் துண்டால் மூடிக் காமிராவுக்கு நேரே நீட்டினார். காலமெல்லாம் துண்டுக்குள் விரல் பிடித்தே விலை பேசியவர்.

"வாயால சொல்லுங்கண்ணே."

"ஏனுங்க, பக்கத்துக் கடை ஏவாரிக பின்னால நிக்கறாங்க. காதுல விழுந்தா ஏத்திக் கேட்டுப் பூராச் சரக்கையும் தூக்கிருவாங்க."

நியாயம்தான். சர்வர் விற்க வந்த இன்ஜினியரைப் பார்த்தேன்.

"ஹெட்போன் மாட்டுனா நீங்க பேசறது வெளிய கேக்காது சார்."

"அவர் பேசறது?"

இன்ஜினியர் தம்பி ஹெட்போனைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

பேசி முடித்தது இதுதான்: சர்வர் இன்ஜினியர் சொன்ன விலைக்கே. ஒட்டன்சத்திரத்தில் கதவு வைத்த தடுப்பறை ஒன்று, அவர் செலவில். துண்டு எங்களுடையது.