கண்டியில் ஒரு டொரொன்டோ ரேடியோ

கம்பியூட்டரில் ரேடியோ போட்டுக் கொடுப்பவனுக்குக் கம்பியூட்டர் தெரிந்தால் மட்டும் போதாது, வீட்டுக்காரரின் பயங்களும் தெரிந்திருக்க வேண்டும். யார் வீட்டிலாவது ஒரு தடவை மவுஸைத் தொட்டுவிட்டு ஆயுளுக்கும் அந்த வீட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் துன்பம் புரியும்.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். நான் கண்டி மஹய்யாவக்காரன், டவுனில் ஒரு கம்பியூட்டர் கடையில் வேலை. என்னைப் பிடித்துக்கொண்டவர் சிவஞானம் சேர், யாழ்ப்பாணத்தவர், கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் டொரொன்டோவில். அங்குள்ள தமிழ் இணைய வானொலியில் மகன் சனிக்கிழமைகளில் அப்பா அம்மாவுக்காகப் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்பான். அதற்காகவே சேர் கம்பியூட்டர் வாங்கினார், நான் ரேடியோவைப் போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமைப் பாட்டு அவருக்கு, சனி பிடித்தது எனக்கு.

ரகசியச் செய்தி

தமிழ்ச் செய்தி தெருவுக்குக் கேட்டால் வில்லங்கம் என்று சேர் ஸ்பீக்கரைத் தலையணையால் அமுக்கி வைத்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்ததால் ஒரு ஹெட்போன் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். காதை மூடிக்கொண்ட மனுஷனுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மனைவிக்கு, பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்பதால் அவரை எல்லோரும் ரீச்சர் என்போம், சேர் செய்தியை வரிக்கு வரி உரத்துச் சொல்லத் தொடங்கினார். அதுவரை முனகிக்கொண்டிருந்தது இப்போது ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவுக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"செய்தி எல்லாம் சரி மாத்தயா, கிரிக்கெட் ஸ்கோர் சொல்லவே இல்லையே."

சோதனை

இன்னொரு நாள் நான் அங்கே இருக்கும்போதே படையினர் வீட்டுச் சோதனைக்கு வந்துவிட்டார்கள். இளம் அதிகாரி ஒருவர் திரையில் இருந்த ரேடியோவைக் காட்டி, சத்தத்தைக் கூட்டு என்றார். செய்திக்கு முந்திய நேரம். சேரின் முகத்தில் ஈயாடவில்லை, ரீச்சர் பிள்ளையாரைக் கூப்பிட்டார். நான் கூட்டினேன். வந்தது டொரொன்டோவில் வீடு விற்கும் விளம்பரம். அதிகாரி மொழிபெயர்க்கச் சொல்ல, சேர் தன் கச்சேரிச் சிங்களத்தில் குளியலறை, கார் நிறுத்துமிடம் ஒன்றும் விடாமல் சொன்னார். செய்தி தொடங்குவதற்குள் அலுப்புத் தட்டி அதிகாரி எழுந்துவிட்டார். வாசலில் திரும்பி நின்று சிங்களத்தில் கேட்டார்:

"அங்கே வீடு வாங்கினால் இதை விற்பீர்களா, அங்கிள்?"

லைன் எங்கேஜ்

அந்தக் காலத்து இணையம் டெலிபோன் லைனில்தான் வரும். ரேடியோ பாடினால் டெலிபோன் வேலை செய்யாது. ஒரு சனிக்கிழமை கண்டிப் பக்கத்தில் பஸ்ஸில் குண்டு வெடித்துவிட்டது. ரேடியோச் சத்தம் விட்டுவிட்டு வருகிறதென்று சேர் கூட்டிப்போயிருந்ததால் நானும் அங்கேதான் இருந்தேன். மகன் பயந்திருப்பான், எப்படியும் கூப்பிடுவான் என்று ரீச்சர் டெலிபோனுக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மகனின் பாட்டைத் தவறவிடக் கூடாதென்று சேர் ரேடியோவை விடவில்லை. லைனை நாங்களே பிடித்து வைத்திருக்கிறோம் என்பது எனக்கும் உறைக்கவில்லை.

திடீரென்று அறிவிப்பாளர், கண்டி சிவஞானம் தம்பதியினரே, உங்கள் மகன் எவ்வளவு நேரமாகவோ அழைக்கிறார், லைன் எங்கேஜ், தயவுசெய்து எங்கள் ரேடியோவை நிறுத்துங்கள் என்றார். கையோடு மகன் விரும்பிய பாட்டையும் போட்டுவிட்டார். நான் மவுஸை எடுக்க, பாட்டு முடியட்டும் என்று சேர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரீச்சர் எழுந்து வந்து கம்பியூட்டர் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தார். உடனே டெலிபோன் அடித்தது. மறுபக்கத்தில் மகன் அழுவது எனக்கே கேட்டது. சேர் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஓம், ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்கிறம், உன்ர பாட்டைத்தான் அம்மா பாதியில நிப்பாட்டிப்போட்டா."

எத்தனையோ வீடுகளுக்கு ரேடியோ போட்டுக் கொடுத்தேன், ரேடியோவுக்காக ரேடியோ கேட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை.