குனிந்த தலை என்று லோகுவைப் பாடாதீர்கள்

லோகு போய்விட்டாள் என்று அவள் மகள் தேவி போன் செய்தபோது நான் ஒரு சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். "அத்தே, அம்மா எழுந்திருக்கல" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. மீன் வாங்க நின்ற அம்மாள், "சீக்கிரம் ஆய்ஞ்சு குடும்மா, ஆபீசுக்கு நேரமாச்சு" என்றார். மீனை ஆய்ந்து, துண்டு போட்டு, பையில் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. தலைக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை.

காசிமேட்டில் லோகுவையும் என்னையும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பிழை இருந்தால் தேவி திருத்துவாள். என் கோபத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

மீன் ஆய்கிற இடத்தில் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து அரிவாள்மனை. அவள் பயந்த கதையை எழுதினால் சிரிப்பீர்கள். லிஃப்ட் என்றால் பயம். புளியந்தோப்பில் மகள் வீடு ஏழாவது மாடி, மூச்சு வாங்கப் படியேறித்தான் போவாள். மீன் மார்க்கெட்டில் பிழைக்கிறவளுக்கு நண்டு என்றால் பயம்! உயிர் நண்டு வந்தால் நைசாக என் பக்கம் தள்ளிவிடுவாள். "இன்னாடி, உன் புருஷன் கடிக்காததா?" என்பேன். "அந்தாளு செத்தும் உன் வாயிலேர்ந்து தப்பிக்கல" என்று சிரிப்பாள். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் அவளுடைய மச்சாண்டார். புருஷனின் அண்ணன். அந்த மனிதர் மார்க்கெட்டுக்குள் வந்தால் இவள் முந்தானை தலைக்கு ஏறும், வாய் மூடிக்கொள்ளும்.

மூடின அந்த வாய்க்குள் பாட்டு இருந்தது. சினிமாப் பாட்டு இல்லை, அவளே கட்டியது. விலை கேட்டுக் கேட்டு வாங்காமல் போகிறவரைப் பற்றி, ஐஸ் உடைக்கிறவரின் தொப்பையைப் பற்றி, என்னைப் பற்றி. செதில் எடுக்கிற சத்தத்துக்குள் ஒளித்து முணுமுணுப்பாள். "சத்தமாத்தான் பாடேன்டி" என்றால், "யாருனா கேட்டுட்டா?" என்பாள். "பின்ன, பாட்ட இன்னா மோந்து பாப்பாங்களா?" என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லை.

எங்கள் பக்கத்தில் கானா பாடாமல் பிணம் எடுப்பதில்லை. பாடுகிறவர்கள் ஆண்கள். செத்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், மாலை போட்டவர் பெயர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பாட்டில் சேர்ப்பார்கள். மார்க்கெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த பாக்கியம் செத்தபோது பாட வந்தவர், "யார் பேரச் சேக்கறது? புள்ள இல்ல, குட்டி இல்ல" என்று சொல்லி மைக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். பாக்கியம் பாட்டில்லாமல் கிடந்தாள். நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

லோகுதான் எழுந்தாள். அவள் புடவைக் கொசுவம் நடுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினாள்:

"புள்ள குட்டி இல்லையின்னு யாரு சொன்னது?
நீ பெருக்கிவிட்ட பாதையில ஊரு போகுது!"

மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டியவள் நான். பாடி முடித்தவள் நேராகச் சந்துக்குப் போய் வாந்தி எடுத்தாள். முதுகைத் தடவிக்கொண்டே, "பயம் போச்சாடி?" என்று கேட்டேன். "எங்க போவும்? பக்கத்துலயே குந்திகினு கீது. நீயும் தாளம் போடுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அடுத்த நாளே மச்சாண்டார் நாலு பெரியவர்களோடு வந்து நின்றார். "பொம்பளைக்கு ஒப்பாரி கீது. அதோட நிறுத்திக்கணும். மைக் புடிச்சிப் பாடற ஆம்பள மாதிரி எழுந்து நின்னு பாடுனா ஊருக்கு ஆவாது." பெரியவர்கள் தலையாட்டினார்கள். சாவு ஊர்வலத்தில் குடித்துவிட்டு நடுரோட்டில் உருண்டால் ஊருக்கு ஆகும். பஸ்ஸை மறித்து ஆடினால் ஆகும். மாலையைப் பிய்த்துப் போகிறவர் வருகிறவர் மேல் வீசினால் ஆகும். நாதியற்றுச் செத்தவளை ஒரு பொம்பளை பெயர் சொல்லிப் பாடினால் மட்டும் ஆகாது!

லோகு முந்தானையைத் தொடவில்லை. குரல் பிசிறியது. பிசிறினாலும் சொன்னாள்: "சரி மாமா. செத்தவங்களப் பாடல. உசுரோட கீறவங்களப் பாடறேன்."

பாடினாள். மார்க்கெட்டில் ஒவ்வொருத்திக்கும் ஒரு பாட்டு. சாவுக் கானாவில் வைப்பதுபோல் ஊர், பெயர், உறவு எல்லாம் வைத்து. இறால் விற்கிற பத்மா அலறிவிட்டாள். "உசுரோட கீறவள ஏன்டி பேரு வச்சிப் பாடற? நான் போய்ச் சேந்துட்டா?" என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். அடுத்த வாரம் அதே பத்மா வந்து, "என் மருமவளையும் சேத்துக்கோ. கொஞ்சம் திட்டி வை" என்றாள். நெட்டுக்குப்பத்தில் என் அக்கா வீட்டுக்கு இவளை ஒருமுறை கூட்டிப்போனேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த ஆற்றைப் பார்த்தாள். "இதுவும் இன்னும் சாவலடி" என்று சொல்லி, அதற்கும் ஒரு பாட்டுக் கட்டினாள்.

இப்படி வாழ்ந்தவளுக்கு எப்படிப்பட்ட சாவு வீடு நடத்தினார்கள் தெரியுமா? தெருமுனையில் பிளெக்ஸ். தலையில் முந்தானை போட்ட பழைய போட்டோவாகத் தேடி எடுத்திருந்தார் மச்சாண்டார். மேலே 'குடும்ப விளக்கு'. பாட வந்த பையன் நல்லவன்தான், சொல்லிக்கொடுத்ததைப் பாடினான். "குனிஞ்ச தலை நிமிராத குலமகளே, அடுப்படியே கோயிலுன்னு இருந்தவளே." யார் வீட்டு அம்மா செத்தாலும் பாடுகிற பாட்டு. லோகுவுக்கு அடுப்படி கோயிலா? பாதி நாள் பரோட்டா வாங்கிவந்து பசியாறியவள் அவள்.

ஒவ்வொரு பயத்தோடும் மல்லுக்கட்டித் தலையை நிமிர்த்தினாள். ஒரே பாட்டில் அதைத் திரும்பவும் குனியவைத்துவிட்டார்கள். செத்தவள் எழுந்து வந்து கேட்கமாட்டாள் என்ற தைரியம்! இதை விட்டால் தேவியின் பிள்ளைகள் அந்தக் குனிந்த தலையைத்தான் பாட்டி என்று நம்பும்.

போய் மைக்கைக் கேட்டேன். "சரசு, உன் வெளாட்டுக்கு இது எடமில்ல. போய் குந்து" என்றார் மச்சாண்டார்.

"வெளாடறது நீ, நைனா. பொணத்துகிட்ட வெளாடற."

அந்தப் பையன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மைக்கை என் கையில் கொடுத்துவிட்டான்.

ஊரையே கலாய்க்கிற வாய் எனக்கு. மைக்கைப் பிடித்ததும் லோகு என்னைப் பற்றிக் கட்டிய பாட்டைப் பாடுவோம் என்றால் முதல் வரி வரவே இல்லை. "மொதல் அடி வரலன்னா ரெண்டாவதுல ஆரம்பிச்சிக்கோ. கேக்கறவனுக்கா தெரியப்போவுது?" என்பாள் அவள். ஆரம்பித்தேன்:

"கோணி ஊசி கொண்டுவந்தா நூலு முடியுது!
சரசு வாயைத் தைக்கப் போனா ஊசி ஒடையுது!"

சாவு வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தேவிதான். அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் பத்மா எழுந்து தன் பாட்டைப் பாடினாள், மருமகளைத் திட்டுகிற அடி உட்பட. மருமகள் பின்பாட்டுப் பாடினாள். ஐஸ் உடைக்கிறவர் தன் தொப்பையைத் தானே தட்டிக்கொண்டு பாடினார். ஒவ்வொருவராக, லோகு கொடுத்ததை லோகுவுக்கே பாடினோம். மச்சாண்டார் பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்கமாட்டேன்.

அவளுடைய அரிவாள்மனையைத் தேவி எடுத்துப்போனாள். எனக்கு மிச்சம் என் பாட்டு. அன்றைக்கு வராத முதல் அடி அப்புறம் வந்துவிட்டது, நாலாவது அடிதான் மறந்தேபோச்சு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள அவளும் இல்லை. அதனால் நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் கட்டினால் வசவாக வந்து விழுகிறது. மீன் வாங்க வருகிறவர்களிடம் பாடிப் பார்க்கிறேன். இரண்டு பேர் வேறு அரிவாள்மனைக்குப் போய்விட்டார்கள். போகட்டும். அடி சரியாக வருகிறவரை நான் விடுவதாக இல்லை.